நோட்டில் இல்லாத பெயர்

கொடைக்கானல் சரிவில் வீடு கட்டினால் லாரி ரோட்டோடு நின்றுவிடும். அங்கிருந்து மணலும் செங்கல்லும் படியேறுவது பெண்கள் தலையில்தான். நாயுடுபுரம் பக்கம் அப்படி ஒரு வேலை நடந்த இடத்தில் மேஸ்திரியின் நோட்டை எட்டிப் பார்த்தேன். கொத்தனார்களுக்குப் பெயர் இருந்தது. பெண்களுக்கு, ‘சித்தாள் 4’. சிறு ஆள் சிற்றாளாகிச் சித்தாளானது தமிழ் படித்த எனக்கு ஏற்கெனவே உறுத்தும். அன்று அந்த நான்கு இன்னும் உறுத்தியது.

பெரிய நிறுவனங்களுக்கு இப்போது நோட்டு போதாது. சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட எல் அண்ட் டி கட்டுமானப் பிரிவு ஆயிரக்கணக்கான இயந்திரங்களில் உணரிகளைப் பொருத்தியிருக்கிறது. எது எவ்வளவு நேரம் ஓடியது, எவ்வளவு நேரம் சும்மா நின்றது, எவ்வளவு டீசல் குடித்தது என்பதை அலுவலகத்திலிருந்தே பார்க்கலாம். இப்படிக் குவிவதை அலசி, அடுத்த கட்டடத்துக்கு எத்தனை ஆள், எத்தனை நாள் என்று முன்கூட்டியே கணிப்பதைப் பெருந்தரவுப் பகுப்பாய்வு என்கிறார்கள். வீண்செலவு குறையும், விபத்தும் குறையலாம். வேண்டாம் என்று சொல்ல எனக்குக் காரணமில்லை.

ஆனால் கணிப்பு பழைய பதிவிலிருந்து பிறக்கிறது. ஆட்களைப் பொறுத்தவரை பழைய பதிவு என்பது அந்த நோட்டுதான். கொத்தனார் இல்லாத நேரத்தில் கரண்டி பிடித்துப் பூசியவளும் அதில் சித்தாள்தான். பெண் கொத்தனாராகலாம் என்று அதைப் படிக்கும் எந்த இயந்திரமும் கற்றுக்கொள்ளாது. மேஸ்திரியிடமாவது சண்டை போடலாம். கணினி சொன்ன கூலியிடம் யார் சண்டை போடுவது?

எங்களை எண்ணுங்கள் என்று கேட்பவர்களும் நாம்தான். 2025 நவம்பர் வரை நடைமுறையில் இருந்த 1996ஆம் ஆண்டின் கட்டடத் தொழிலாளர் சட்டம், ஓரிடத்தில் 50 பெண்களுக்கு மேல் வேலை செய்தால் குழந்தைகளுக்கு அறை வேண்டும் என்றது. மலைச் சரிவில் நான்கு பேர் எப்போதும் நான்கு பேர்தான். குழந்தை மணல் குவியலில் தூங்கும். பதிவு பெற, முந்தைய 12 மாதங்களில் 90 நாள் வேலை செய்திருக்க வேண்டும். மேஸ்திரி மாறி மேஸ்திரி போகிறவளுக்கு அதை யார் எழுதிக் கொடுப்பார்? டீசலைச் சொட்டுச் சொட்டாக எண்ணத் தெரிந்தவர்களுக்கு இது கடினமான கணக்கே அல்ல. கேட்கத்தான் ஆளில்லை.

எண்ணுகிற கண் காவலும் காக்கும். நூறு நாள் வேலைத் திட்டத்தில் 2023 ஜனவரி முதல் செல்பேசிச் செயலியில் வருகைப் பதிவு கட்டாயமானது. நாளுக்கு இருமுறை படம் எடுக்க வேண்டியிருந்தது. படம் ஏறாததால் செய்த வேலைக்குக் கூலி போனது என்று பெண்கள் டெல்லி வரை போய்ப் போராடினார்கள்.

நாயுடுபுரத்து நால்வரில் மூத்தவரிடம் கேட்டேன்: “உங்க பேரையும் நேரத்தையும் போன்ல பதிஞ்சா நல்லதாக்கா?”

சும்மாட்டை உதறிச் சுருட்டிக்கொண்டே சொன்னார்: “பேர எழுதட்டும் டீச்சரம்மா. இங்க கக்கூஸ் கெடையாது, காட்டுக்குள்ளதான் ஒதுங்கணும். அந்த நேரத்தையும் சும்மா நின்னதுன்னு எழுதிருவாங்களா?”

எனக்குப் பதில் தெரியவில்லை. அவர் அடுத்த நடைக்குக் கீழே இறங்கிவிட்டார்.