தவறு செய்யும் உரிமை

கால்பந்தில் ஒரு நடுவருக்குக் கிடைக்கும் பெரிய பாராட்டு, 'அவர் இருந்ததே தெரியவில்லை' என்பதுதான். இதைக் கேட்கும்போதெல்லாம் எனக்குச் சமையலறை நினைவுக்கு வரும். அங்கும் செய்கிறவள் தெரியாமல் வேலை நடக்க வேண்டும். ஆனால் இரண்டும் ஒன்றல்ல. ஆண் நடுவரின் அதிகாரத்தை எல்லோரும் ஏற்றுக்கொண்டிருப்பதால் அவர் கண்ணில் படுவதில்லை. பெண்ணோ மைதானத்தில் கால் வைத்ததுமே செய்தியாகிவிடுகிறாள்.

பிரான்சின் ஸ்டெஃபனி ஃப்ராபார் 2014-இல் தன் நாட்டு ஆண்களின் இரண்டாம் நிலை லீகுக்கும், 2019-இல் முதல் நிலை லீகுக்கும் வந்தார். அதே ஆண்டு ஆகஸ்டில் இஸ்தான்புல்லில் லிவர்பூலும் செல்சியும் மோதிய சூப்பர் கோப்பை. கூடுதல் நேரத்தில் செல்சிக்கு அவர் ஒரு பெனால்டி கொடுத்தார். கோல்கீப்பர் உண்மையிலேயே இடறினாரா என்று வாதிட இடமிருந்த தீர்ப்பு அது. இப்படியொரு தீர்ப்பை வாரந்தோறும் எங்காவது ஓர் ஆண் வழங்கிக்கொண்டுதான் இருக்கிறார். அவரை அவர் பெயர் சொல்லித்தான் திட்டுவார்கள். ஆண்களுக்கு எதற்கு விசில் என்று யாரும் கேட்பதில்லை.

அன்று ஆட்டம் முடிந்ததும் லிவர்பூல் பயிற்சியாளர் க்ளாப் தாராளமாகவே பாராட்டினார். தகுதியான பாராட்டுதான். ஆனால் அன்று ஃப்ராபார் சறுக்கியிருந்தால் கணக்கு யார் பெயரில் எழுதப்பட்டிருக்கும்?

'முதலில் போகிறவள் சறுக்கவே கூடாது, பின்னால் வருகிறவர்களுக்குக் கதவு மூடிவிடும்' என்பது நம் தோழிகளே சொல்வது. உத்தியாக இது சரியாக இருக்கலாம். நியாயமாக இதை என்னால் ஏற்க முடியவில்லை. ஆண்களின் ஆட்டத்தை நடத்த ஆண்களுக்கான உடற்தகுதித் தேர்வில் தேற வேண்டும் என்கிறார்கள், சரி, ஓடலாம். ஒரு பாலினம் முழுவதையும் தோளில் சுமந்துகொண்டு ஓட வேண்டும் என்று எந்த விதிப்புத்தகத்தில் இருக்கிறது? சராசரியான ஆண் நடுவர்கள் எத்தனையோ பேர் நிம்மதியாக ஓய்வு பெற்றிருக்கிறார்கள். சராசரியான ஒரு பெண்ணுக்கும் அது வாய்க்க வேண்டாமா?

2022 டிசம்பர் 1 அன்று கத்தாரில் கோஸ்டாரிக்கா–ஜெர்மனி ஆட்டத்தை ஃப்ராபார் நடத்தினார். ஆண்கள் உலகக் கோப்பை தொடங்கி 92 ஆண்டுகள் கழித்து முதல் பெண் நடுவர். துணை நடுவர்கள் இருவரும் பெண்களே. அந்தக் கோப்பைக்குத் தேர்வான 36 நடுவர்களில் பெண்கள் மூவர். ருவாண்டாவின் சலிமா முகன்சங்கா அதே ஆண்டு ஜனவரியில் ஆப்பிரிக்கக் கோப்பையில் ஆண்கள் ஆட்டத்தை நடத்தியவர். அவரும் ஜப்பானின் யோஷிமி யமாஷிதாவும் கத்தாரின் 64 ஆட்டங்களில் ஒன்றில்கூட விசில் ஊதவில்லை. நான்காவது நடுவராக, எல்லைக்கோட்டுக்கு வெளியே, பலகையோடு நின்றார்கள்.