கருவி யாருடையது?

காசு கொடுத்து வாங்கிய பொருள் வாங்கியவனுக்கே சொந்தம் என்பது சந்தைக்குச் செல்லும் சிறுபிள்ளையும் அறிந்த நியாயம். மண்வெட்டியை விற்ற கடைக்காரன் பத்தாண்டு கழித்து வந்து, "இனி இதனாற் கொத்தாதே" என்று சொல்வதில்லை. ஆனால் கணனி என்னும் கருவியிலே இந்த நியாயம் தலைகீழாகிவிட்டது. இரும்பும் கண்ணாடியும் நம்முடையவை. அவற்றை இயக்கும் இயங்குதளமோ இன்னொருவனுடையது. அதை உபயோகிக்கும் அனுமதியையே நாம் பெற்றிருக்கிறோம். அனுமதி தந்தவன் பாதுகாப்புத் திருத்தங்களை நிறுத்தும் நாளில், நல்ல நிலையிலுள்ள இயந்திரமும் குப்பைக்குரியதாகின்றது.

அவ்வாறு ஒதுக்கப்பட்ட மடிக்கணனி ஒன்று நம் கைக்கு வந்தபோது, அதில் ஓப்பன்பிஎஸ்டி என்னும் இயங்குதளத்தை நிறுவினோம். 1995இல் தியோ டி ராட் என்பவர், நெட்பிஎஸ்டி என்ற மற்றொரு தளத்தினின்றும் பிரிந்து தொடங்கிய முயற்சி இது. கனடாவின் கல்கரி நகரே இதன் இருப்பிடம். மூலநிரல் முழுவதும் எவரும் வாசிக்கத் திறந்திருக்கின்றது. லினக்ஸைப் பற்றி அறிந்தோரிலும் பலர் இதன் பெயரைக் கேட்டிருக்கமாட்டார்கள்.

முதல் மாலையே சிரமம் வந்தது. வயர்லெஸ் அட்டைக்கு வேண்டிய நிரற்கோப்பு, உற்பத்தியாளர் விதித்த உரிம நிபந்தனை காரணமாக, நிறுவும் தொகுதியில் இல்லை. அதை இணையத்திலிருந்து பெறவேண்டும். இணையத்துக்குச் செல்லவோ அந்த அட்டையே வேண்டும்! அயலவரிடம் வடமொன்றை இரவல் வாங்கிய பின்னரே வழி பிறந்தது. புளூடூத் அறவே கிடையாது. பராமரிப்பாரின்றிக் கிடந்த அந்தப் பகுதியை 2014இல் நீக்கிவிட்டார்கள். பழுதானதை வைத்துக்கொண்டு பாசாங்கு செய்வதிலும் இல்லாதிருப்பதே மேல் என்னும் அந்தக் கண்டிப்பு நமக்குப் பிடித்திருந்தது. (நமது காதொலிப்பான் மேசையிற் சும்மா கிடப்பது வேறு விடயம்.) கூடவே வந்த கைந்நூற் பக்கங்களோ நம்மை வியக்கவைத்தன. நிரலிலுள்ள பிழையைப் போலவே கைந்நூலிலுள்ள பிழையும் இங்கே பழுதாகக் கருதப்பட்டுத் திருத்தப்படுகின்றது.

இந்தப் பாட்டையெல்லாம் பட யாருக்குப் பொழுதிருக்கின்றது என்று நண்பர்கள் கேட்கின்றனர். அக்கேள்வியை நாம் எளிதாகத் தள்ளிவிட முடியாது. நாள் முழுதும் ஆலையில் நின்று வீடு திரும்பும் தொழிலாளி, இரவில் மூலநிரலையா வாசிக்கப்போகிறான்? ஓய்வுள்ளவனுக்கு மட்டும் கிட்டுவது சுதந்திரமா, சலுகையா?

கூட்டுறவுச் சங்கத்தின் கணக்குப் புத்தகத்தை எண்ணிப்பார்ப்போம். அங்கத்தவருட் பெரும்பாலோர் அதை ஒருநாளும் திறப்பதில்லை. எனினும் எந்த அங்கத்தவனும் எந்த நாளிலும் அதைத் திறக்கலாம் என்பதை முகாமையாளர் அறிவார். அந்த அறிவே அரிசி மூட்டையின் நிறையைக் காக்கின்றது. வாசிக்காதவனுக்கும் வாசிக்கும் உரிமையால் நன்மையுண்டு. ஆனால் ஒருவராவது உண்மையில் வாசிக்கவேண்டும். ஒருவரும் திறவாத புத்தகம் பூட்டிய புத்தகமே. ஆகவே வாசிக்கத் தெரிந்தவன்மேல் வாசியாதவர் சார்பான கடமையொன்று விழுகின்றது.

அக்கடமையைச் செய்வோருக்குச் சோறு போடுவது யார்? 1999இல் இதே குழுவினர் வெளியிட்ட ஓப்பன்எஸ்எஸ்எச் என்னும் மென்பொருளைக் கொண்டே உலகெங்கும் எண்ணற்ற சேவைக்கணனிகள் தொலைவிலிருந்து நிர்வகிக்கப்படுகின்றன. பெரும் நிறுவனங்கள் அதன்மேற் செல்வம் குவிக்கின்றன. அக்குழுவோ 2014 ஆரம்பத்தில், தன் இயந்திரங்களின் மின்கட்டணத்துக்காக 20,000 டொலர் வேண்டுமெனப் பகிரங்கமாகக் கேட்கவேண்டியிருந்தது. இவர்களது உரிமம், ஆக்கியோர் பெயரையும் உரிம வாசகத்தையும் நீக்காதே என்பதற்கு மேல் எதையும் கோருவதில்லை. 1983இல் க்னூ திட்டத்தை அறிவித்த றிச்சர்ட் ஸ்டால்மனின் வழி வேறு: மாற்றி விநியோகிப்பவன் மாற்றிய மூலநிரலையும் பெறுவோருக்குக் கொடுக்கவேண்டும். நிபந்தனையற்ற கொடை சமமானோரிடையே அழகானது. சமமற்றோரிடையே அது வலியவன் களஞ்சியத்தையே முதலில் நிரப்புகின்றது. எனவே நமது மனம் ஸ்டால்மன் பக்கமே சாய்கின்றது. ஆயினும் அவரது நிபந்தனையும் மின்கட்டணத்தைச் செலுத்துவதில்லை என்பதை மறைப்பதற்கில்லை.

பெரிய இடத்துப் பணமோ வேறொரு விலை கேட்கும். 2003இல், ஈராக் யுத்தம் பற்றி டி ராட் பத்திரிகையொன்றுக்குக் கண்டனமாகக் கூறியதை அடுத்து, அமெரிக்கப் பாதுகாப்புத் துறையின் டார்பா இத்திட்டத்துக்களித்த நிதி நிறுத்தப்பட்டது. தமது பேச்சே காரணம் என அவர் கருதினார். குழு கலையவில்லை, ஆறு மாதத்துக்கொரு பதிப்பு தொடர்ந்து வெளிவந்தது.

நாம் அனுப்பக்கூடிய பணம் சொற்பம். நிரல் எழுதும் வன்மையும் நம்மிடம் இல்லை. ஆனால் அந்த அருமையான கைந்நூற் பக்கங்கள் யாவும் ஆங்கிலத்திலேயே உள்ளன. இயந்திரத்தை நிறுவும் முறையைக் கூறும் பகுதியைத் தமிழாக்கத் தொடங்கியிருக்கிறோம். இரண்டு பக்கம் முடிந்திருக்கின்றது.