பசித்த குழந்தையும் பார்க்கின்ற ஊரும்

பத்துக்கண்ணிலிருந்தும் கூடப்பாக்கத்திலிருந்தும் வில்லியனூர் வழியாகப் புதுச்சேரிக்குச் செல்லும் பேருந்துகளில் கைக்குழந்தையோடு ஏறுகின்ற இளந்தாய்மார் பலர், எல்லைப்பிள்ளைச்சாவடியிலுள்ள மகளிர் குழந்தைகள் மருத்துவமனைக்கோ கோரிமேட்டு ஜிப்மருக்கோ போகிறவர்கள். தொலைவு அதிகமில்லையாயினும், பேருந்துக்குக் காத்திருப்பதும், அரும்பார்த்தபுரத்து நெரிசலும், சீட்டு வாங்குமிடத்து வரிசையும் சேர்ந்து ஒரு முற்பகலை விழுங்கிவிடும். நாளொன்றுக்கு எட்டு முதல் பன்னிரண்டு முறை பால் கேட்கின்ற பருவத்துச் சிசு அந்த முற்பகலுக்குள் இரண்டு முறையேனும் பசித்து அழுமென்பது தாய்க்குத் தெரியும். தெரிந்திருந்தும், அழுகை எழுந்தவுடன் அவள் முதலில் குழந்தையைப் பார்ப்பதில்லை, சுற்றுமுற்றும் பார்க்கிறாள். அந்தச் சில நிமிஷத் தயக்கத்தில் யார் யாருக்குக் கடமைப்பட்டிருக்கிறார்கள் என்பதே இங்கு ஆராயப் புகும் பொருள்.

இவ்விஷயத்தில் வழங்கிவரும் அபிப்பிராயங்கள் பெரும்பாலும் தாயையும் ஊரையும் எதிரெதிரே நிறுத்தி, தாய்க்கு உரிமையுண்டா, ஊருக்கு ஆட்சேபிக்க நியாயமுண்டா என்றே கேட்கின்றன. அவ்வாறு கேட்கும்போது வழக்கில் பிரதானமானவராகிய குழந்தை சாட்சிக்கூண்டில்கூட ஏற்றப்படாமல் விடுபட்டுப் போகிறது. ஸ்காத்லாந்து நாடு 2005ஆம் ஆண்டில் இயற்றிய சட்டம் இதனைத் திருத்தமாக அமைத்தது: பொதுமக்கள் வந்து போகத்தக்க இடத்தில் இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தைக்குப் பால் புகட்டுவதைத் தடுப்பவர் குற்றவாளி என்று அது கூறிற்று. தாய் வெட்கமுடையவளா அற்றவளா என்ற விசாரணைக்கே அங்கு இடமில்லை. உண்ண வேண்டிய ஒருவரை உண்ண விடாமல் செய்தவர் யார் என்பதே கேள்வி. பசியைப் பொறுத்திரு என்று பெரியவருக்குச் சொல்லலாம், பிறந்து மூன்று மாதமானவருக்குச் சொல்ல இயலாது. ஆகவே இவ்வழக்கில் ஒத்திவைப்பு என்பதே கிடையாது.

பழைய நாளில் இத்தயக்கம் இவ்வளவு இருந்ததில்லை என்று சொல்வோர் உண்டு. அது பாதி உண்மை. புதுவையின் நெற்களஞ்சியமென்று பெயர்பெற்ற பாகூர் வட்டாரத்தில் நடவுக்குப் போன பெண்கள், வரப்போரத்து மரத்தில் ஏணை கட்டிக் குழந்தையைக் கிடத்திவிட்டு, அது அழுதபோது சேற்றுக் கையைக் கழுவிக்கொண்டு கரையேறி வந்து, எல்லாரும் காணவே பால் கொடுத்தார்கள். அவர்களை எவரும் நாணமற்றவர்கள் என்று சொல்லவில்லை. ஆனால் அந்த மௌனம் முழுவதையும் மரியாதையென்று எண்ணிவிடலாகாது. உழைக்கின்ற சாதியாரின் பெண்களுடைய உடம்புக்கு மறைவு வேண்டுமென்று நிலமுடையோர் நினைக்காததும் அதில் கலந்திருந்தது. தம் வீட்டுப் பெண்கள் பால் கொடுப்பதற்கு இரண்டாங்கட்டு உள்ளறையை வைத்துக்கொண்டவர்களே, களத்துமேட்டில் ஒரு கீற்று மறைப்பையும் கட்டித்தர நினைக்கவில்லை. எனவே பழமையைப் போற்றி இன்றைய கூச்சத்தை இகழ்வது நேர்மையாகாது. இன்று வில்லியனூர் மாட வீதியில் மறைவு தேடுகின்ற ஒரு கூலிக்காரப் பெண், தன் பாட்டிக்கு எவரும் அளிக்காத ஒரு மரியாதையைத் தனக்குக் கேட்கிறாள் என்றும் கொள்ளலாமன்றோ?

உடை மாறியதும் ஒரு காரணம். புடவை கட்டியவளுக்கு முந்தானை, போகுமிடமெல்லாம் கூட வருகின்ற ஓர் அறை போல உதவிற்று. தோள்மேல் இழுத்துவிட்டால் குழந்தையும் மார்பும் அதனுள் அடங்கிவிடும். சுடிதாருக்கு அந்த வசதி இல்லை. மேற்சட்டையைக் கீழிருந்து உயர்த்த வேண்டும். உயர்த்தினால் இடுப்பும் முதுகும் தெரியும். துப்பட்டாவோ காற்றுக்கு நில்லாது, குழந்தையும் அதைக் காலால் உதைத்துத் தள்ளும். வேலைக்கும் பிரயாணத்துக்கும் வசதியென்று பெண்கள் ஏற்ற உடை, இந்த ஒரு காரியத்துக்கு மட்டும் அவர்களைக் கைவிட்டுவிட்டது. தையற்காரர்களில் சிலர் இப்போது முன்பக்கத்தில் மறைவான ஜிப் வைத்துத் தைத்துத் தருகிறார்கள். பல பொதுக் கட்டடங்களின் வரைபடத்தில் புலப்படாத கருணை அந்த ஜிப்பில் புலப்படுகிறது.

பிறர் பார்வை வெறும் மரியாதைக்குறைவு மட்டுமே, அதனால் எவருக்கும் நஷ்டமில்லை என்று வாதிப்போருக்கு உடற்கூற்று நூலே மறுமொழி சொல்கிறது. குழந்தை வாய் வைத்து உறிஞ்சும்போது, தாயின் மூளையடியிலுள்ள பிட்யூட்டரிச் சுரப்பியிலிருந்து ஆக்சிடோசின் என்னும் ஹார்மோன் இரத்தத்தில் கலந்து, மார்பின் நுண்தசைகளைச் சுருங்கச் செய்து பாலை வெளியே தள்ளுகிறது. அச்சமும் கூச்சமும் மனக்கலக்கமும் இச்செயலைத் தற்காலிகமாகத் தடுக்கவல்லவை. ‘பால் எறங்கமாட்டேங்குது’ என்று பெண்கள் சொல்வது இதையே. பால் இருந்தும் இறங்காவிட்டால் குழந்தை வீறிடும். வீறிட்டால் இன்னும் பத்துப்பேர் திரும்புவர். திரும்பினால் தாயின் கலக்கம் பெருகும். கொடுக்காமல் தள்ளிப்போட்டால் பால் கட்டிக்கொண்டு மார்பு வலிக்கும், ஜுரமும் வரும். ஆதலால் உற்றுப் பார்க்கின்றவன் ஒரு ஸ்திரீயின் மனத்தை மட்டுமல்ல, ஒரு குழந்தையின் ஆகாரத்தையும் தொடுகிறான். இக்கட்டுரை எடுத்துரைக்கும் நியாயங்களில் வலியது இதுவேயென்று தோன்றுகிறது.

எனினும் லஜ்ஜையை அறியாமை என்று தள்ளிவிடக் கூடாது. 2018 மார்ச்சு மாதத்தில் ‘கிருகலட்சுமி’ என்ற மலையாளப் பத்திரிகை, பால் கொடுக்கும் பெண்ணின் படத்தை அட்டையில் வெளியிட, அது ஆபாசமென்று வழக்குத் தொடுத்தார்கள். ரவிவர்மா போன்ற ஓவியர்களின் படங்களைக் காணும் கண்களோடேயே இதையும் கண்டதாகவும், ஆபாசம் காண்பவன் கண்ணிலிருப்பதாகவும் கூறிக் கேரள உயர்நீதிமன்றம் அவ்வழக்கைத் தள்ளுபடி செய்தது. தீர்ப்பு சரியானதே. ஆனால் அட்டைப்படத்துப் பெண் காணப்படுவதற்கென்றே காமிராவை நோக்கி அமர்ந்தவள். பேருந்து நிலையத்துத் தாயோ காணப்படாமல் இருக்க விரும்புகிறவள். முன்னவளின் துணிவைக் கொண்டு பின்னவளின் கூச்சத்தை அளப்பது, மறைந்துகொள் என்று அதட்டுவதைப் போலவே இன்னொரு கட்டாயமாகும். கைபேசிக் காமிராக்கள் பெருகிய காலத்தில் அவளது அச்சம் வீணுமன்று. ஒரு பெண்ணின் அந்தரங்கச் செயலை ஒளிந்து பார்ப்பதையும் படமெடுப்பதையும் குற்றமாக்கி 2013இல் வந்த தண்டனைச் சட்டப் பிரிவு, தனிமை எதிர்பார்க்கத்தக்க சூழலையே பெரிதும் கருதி எழுதப்பட்டது. நடுவீதியில் பால் கொடுப்பவளுக்கு அது முழுக் கவசமாகுமென்று நிச்சயமாகச் சொல்ல முடியாது. வீதியில் அவளுக்குள்ள காவல் அக்கம்பக்கத்தார் கண்ணியம் ஒன்றே.

இடையே ஒரு சொல்: சாராயக்கடையிலிருந்து வெளிப்பட்டுச் சுவரை நோக்கி நின்று தன் காரியத்தை முடித்துக்கொண்டு போகின்ற ஆடவனைக் கண்டு திடுக்கிடாத ஓர் ஊர், பொதுவிட ஒழுக்கத்தைப் பற்றித் தாய்மாருக்கு உபதேசம் செய்யத் தகுதியுடையதாகாது.

அறைகள் கட்டிவிட்டால் பிரச்சினை தீர்ந்துவிடுமென்று அரசாங்கங்கள் நினைக்கின்றன. அந்நினைப்பில் பிழையும் உண்டு, நன்மையும் உண்டு. உலகத் தாய்ப்பால் வாரத்தையொட்டி 2015 ஆகஸ்டில் தமிழ்நாட்டு முதலமைச்சர் ஜெயலலிதா பேருந்து நிலையங்களில் பாலூட்டும் அறைகள் 352 திறந்து வைத்தார். எண்ணம் மிக உயர்ந்தது. பின்னர் அவற்றுள் சில பூட்டியே கிடந்ததாகவும், சாமான் போட்டுவைக்கும் இடமாக மாறியதாகவும் பத்திரிகைகளில் செய்தி வந்துகொண்டிருந்தது. பூட்டிய அறை வெறுமனே பயனற்றதாக மட்டும் இருப்பதில்லை. ‘அதற்கென்று அறை இருக்கிறதே, இங்கே ஏன் உட்காருகிறாய்?’ என்று கேட்கும் வாய்ப்பைப் பிறருக்கு அது அளித்துவிடுகிறது; கழிப்பறைப் பக்கம் போகச் சொல்கின்ற நாக்குக்கும் கூசாமல் துணை நிற்கிறது. தாய் விரும்பினால் புகுவதற்கென்று அமைந்த இடம், தாயைக் கண்ணிலிருந்து அகற்றுவதற்கென்று ஆகிவிட்டால், அது அவளுக்குச் செய்த உபகாரமாகாது.

2025 பிப்ரவரி 19ஆம் தேதி உச்சநீதிமன்றம் அளித்த தீர்ப்பில் இவ்விரு பக்கமும் கருதப்பட்டிருக்கின்றன. பாலூட்டும் அறைகளும் குழந்தைக் காப்பகங்களும் பொதுக் கட்டடங்களில் அமைய வேண்டுமென்று மத்திய அரசு முந்திய ஆண்டு மாநிலங்களுக்கு அனுப்பிய அறிவுரையை நிறைவேற்றச் சொன்ன அம்மன்றம், பொதுவிடத்தில் பாலூட்டுவதை இழிவாகக் கருதாதிருத்தல் குடிமக்களின் கடமையென்றும் நினைவூட்டிற்று. முதலாவதைப் பணத்தால் செய்துவிடலாம். இரண்டாவதற்கு ஒப்பந்தக்காரரைக் கூப்பிட முடியாது.

வேலைத் தலங்களைப் பற்றிச் சட்டங்கள் பல உள்ளன. 1961ஆம் ஆண்டு மகப்பேற்று நலச் சட்டம் குழந்தைக்குப் பதினைந்து மாதமாகும் வரையில் நாளொன்றுக்கு இரண்டு பாலூட்டும் இடைவேளைகளைத் தந்தது. 2017இல் செய்த திருத்தம், ஐம்பது பேருக்குக் குறையாமல் வேலைசெய்யும் இடத்தில் காப்பகம் வேண்டுமென்றது. வில்லியனூர்ப் பக்கத்துப் பெண்களில் பலருக்கோ வேலைத் தலமென்பது வாய்க்காற் கரை. நூறு நாள் வேலைக்கென்று 2005இல் வந்த சட்டம், வேலையிடத்தில் குழந்தைகளுக்கு நிழலும், ஆறு வயதுக்குட்பட்ட குழந்தைகள் ஐவரோ மேலோ வந்தால் பார்த்துக்கொள்ள ஒரு பெண்ணைக் கூலியோடு நியமிப்பதும் வேண்டுமென்று வகுத்திருந்தது. ஏரி தூர்வாரும் இடத்தில் அந்த நிழல், இயற்கையாய் அங்கே ஒரு பனையோ வேம்போ நின்றால் கிடைத்தது என்பதே பெரும்பாலும் உண்மை. காகிதத்தில் எழுதிய நிழலின் கீழ் யாரும் உட்கார முடியாது.

இவ்வாறு இடமின்றிப் போன தாய் என்ன செய்கிறாள்? வெளியே புறப்படும்போது புட்டியைக் கலக்கி எடுத்துக்கொள்கிறாள். மாற்றுப் பால் மாவுகளை விளம்பரம் செய்வதை 1992ஆம் ஆண்டுச் சட்டம் நாடு முழுதும் தடைசெய்தது. ஆனால் தாய்க்கு உட்கார ஓரிடம் தராத ஒவ்வொரு கடைவீதியும் அந்தப் பால் மாவுக்கு ஓசையின்றி விளம்பரம் செய்துகொண்டிருக்கிறது. ஆறு மாதம் தாய்ப்பாலன்றி வேறொன்றும் வேண்டாமென்று சுகாதார நிலையத்துச் சுவரில் எழுதிவைத்த சமூகம், அச்சுவரைத் தாண்டி வீதிக்கு வந்தவளைத் தனியே விட்டுவிடுவது நியாயமா?

செய்யத்தக்கது பெரிதொன்றுமில்லை. வில்லியனூரில் திருக்காமீசுவரர் தேரோட்டத்தன்று மாட வீதிகளில் நீர்மோர்ப் பந்தல் போடுகிறவர்கள், லூர்து மாதா திருவிழாவில் யாத்திரிகருக்குக் கொட்டகை அமைப்பவர்கள், அதன் ஒரு மூலையைக் கீற்றுத் தட்டியால் தடுத்து, சாய்ந்துகொள்ளத் தக்க இரண்டு நாற்காலியும் ஒரு குடம் தண்ணீரும் வைத்தால் போதும். நிலையான அறையாயின் தாழ்ப்பாள் உட்புறம் இருக்கட்டும். திறவுகோல் அலுவலகத்து மேஜையில் இல்லாமல் அருகே பூக்கட்டும் பெண்ணிடம் இருக்கட்டும். அமைக்குமுன் பாலூட்டுகின்ற இரண்டொரு தாய்மாரைக் கேட்பது நலம். துணிக்கடைகளில் விற்பனைப் பெண்கள், முதலாளியைக் கேளாமலே, உடைமாற்றும் அறையைத் திறந்துவிடுவதுண்டு. அவர்களுக்கு இந்த ஆலோசனைகள் எவையும் தேவையில்லை.

ஓடுகின்ற பேருந்தில் அறை கட்ட முடியாது. அங்கே நெடுங்காலமாக ஆட்சி செலுத்துவது வேறொரு சம்பிரதாயம். “ஏம்மா, கொழந்த எம்மா நேரமா அழுவுது! இப்படி ஜன்னல் பக்கமா வந்து குந்து, பால் குடு, நான் மறைச்சிக்கிறேன்” என்று முன்பின் அறியாத ஓர் ஆயா தன் இடத்தைவிட்டு எழுந்து, தாயை உட்புறம் தள்ளி, தன் முதுகைத் திருப்பி உட்காருகிறாள். ஆடவர் செய்ய வேண்டியது அதைவிட எளிது. பரபரத்து எழுந்து விலகுவதும் தாயைக் காட்டிக்கொடுப்பதேயாதலால், படித்துக்கொண்டிருந்த செய்தித்தாளைத் தொடர்ந்து படிப்பதும், பேசிக்கொண்டிருந்ததைத் தொடர்ந்து பேசுவதுமே முறை. பழகிய நடத்துனர் அந்த இருக்கைக்கு வரும்போது, சீட்டைக் குழந்தையின் தலைக்குமேல் நீட்டாமல் ஆயாவின் கையில் கொடுத்து, சில்லறையையும் அவளிடமே வாங்கிக்கொண்டு, அடுத்த இருக்கைக்குப் போய்விடுகிறார்.