திருப்பித் தரும் தேதி

சக்கர நாற்காலி திரும்பி வந்துவிட்டது. சக்கர இடுக்கில் சுற்றியிருந்த தலைமுடியைக்கூட எடுத்துத் துடைத்து, மடித்து, கால் வைக்கும் தகடுகள் ஆடாமலிருக்க ரப்பர் பேண்டு போட்டு அனுப்பியிருந்தாள் தோழி. ஆனால் அவள் மாமியார் இன்னும் எழுந்து நடக்கவில்லை. அன்றைக்கே வாடகைக்கு வேறொரு நாற்காலி எடுத்தார்கள் என்று பிறகுதான் தெரிந்தது.

கல்லூரித் தோழிகள் நாங்கள் சிலர், வீட்டுப் பொருட்களை ஒருவருக்கொருவர் இரவல் கொடுத்து வாங்க ஒரு செயலி வைத்திருக்கிறோம். அப்பா காலமான பிறகு சும்மா கிடந்த நாற்காலியை அதில் பதிந்திருந்தேன். அவள் கேட்டாள், கொடுத்தேன். அந்தச் செயலியில் ‘திருப்பித் தரும் தேதி’ என்று ஒரு கட்டம் உண்டு. அதைக் காலியாக விட்டால் மேலே போகவே விடாது. அவள் உத்தேசமாக ஒரு தேதியைப் போட்டாள். அந்தத் தேதி வந்ததும் என் பெயரில் அவளுக்கு ஒரு நினைவூட்டல் போயிருக்கிறது. நான் எழுதாத செய்தி. மறுநாள் காலையில் நாற்காலி என் வாசலில்.

அந்தக் கட்டம் என்னை விடமாட்டேன் என்கிறது. நேரில் கேட்டிருந்தால் “ஆனதும் குடு” என்றிருப்பேன். ஆனதும் என்றால் எப்போது என்று அவளும் கேட்டிருக்க மாட்டாள். அந்த இரண்டு வார்த்தைக்கு அந்தக் கட்டத்தில் இடமில்லை.

திருநெல்வேலியில் நான் வளர்ந்த வளவில், ஒரே வாசலுக்குள் பல வீடுகள், ஆச்சியின் முறுக்கு உரல் பேர்போனது. தேக்கு மரம். கைப்பிடியில் விரிசல் விட்ட இடத்தில் செம்புக் கம்பி சுற்றியிருக்கும். அழுத்தும்போது அந்தக் கம்பி உள்ளங்கையில் வரிவரியாகப் பதியும். தீபாவளி நெருங்கினால் அது எங்கள் வீட்டில் தங்காது, வீடுவீடாகப் போய்க்கொண்டிருக்கும். வெறுமனே திரும்பாது என்பதுதான் எங்களுக்குச் சந்தோஷம். உரலோடு ஒரு கிண்ணத்தில் நாலு முறுக்காவது வரும். யார் வீட்டு முறுக்கில் உப்பு தூக்கல், யார் எள்ளுக்குப் பதில் ஓமம் போட்டார்கள் என்பதெல்லாம் எங்களுக்கு அப்படித்தான் தெரியும்.

உரல் எங்காவது தங்கிவிட்டால் ஆச்சி போய்க் கேட்கமாட்டாள். என்னைக் கூப்பிடுவாள். “ஏளா, கடைசி வீட்டு அத்தைகிட்டப் போயி, எள்ளு கெடக்கு, வேணுமான்னு கேட்டுட்டு வா.” நான் போய்க் கேட்பேன். அத்தை ஒரு கணம் என்னைப் பார்ப்பாள். “எள்ளெல்லாம் இருக்குளா. இந்தா, ஆச்சிகிட்ட இதைக் குடுத்துரு” என்று உரலை என் கையில் வைப்பாள். உரலைப் பற்றி ஒரு பேச்சும் இருக்காது. ஆச்சி அனுப்பியதும் நினைவூட்டல்தான் என்று இப்போது புரிகிறது. ஆனால் அத்தைக்கு இன்னும் இரண்டு நாள் உரல் தேவையென்றால், எள் வேண்டாம் என்று மட்டும் சொல்லி என்னை அனுப்பிவிட முடியும். அப்படி அனுப்பியும் இருக்கிறாள். அதில் யாருக்கும் முகம் சுருங்கவில்லை.

எப்போதோ படித்த ஒரு விஷயமும் இதோடு சேர்ந்து ஓடுகிறது. லாரா பொஹானன் என்ற மானுடவியலாளர் நைஜீரியாவில் டிவ் மக்களிடையே தங்கியிருந்தவர். அந்த அனுபவத்தை எலினோர் ஸ்மித் போவென் என்ற புனைபெயரில் ஒரு நாவலாக 1954-ல் வெளியிட்டார். கடன் பற்றி டேவிட் கிரேபர் 2011-ல் எழுதிய புத்தகத்தில் அதிலிருந்து ஒரு செய்தி வருகிறது. பொஹானன் அங்கே போய் இறங்கியதும் அக்கம்பக்கத்தார் முட்டை, தக்காளி, சோளக்கதிர் என்று எதையாவது கொண்டுவந்து கொடுக்கிறார்கள். பதிலுக்கு என்ன கொடுப்பது? கொஞ்சம் கூடவோ குறையவோ கொடுக்கலாம், சரிக்குச் சரி மட்டும் கொடுக்கக்கூடாது என்று அங்குள்ளவர்கள் சொல்லித்தருகிறார்கள். கணக்கு நேரானால் இனி உன்னோடு பேச்சில்லை என்றாகிவிடுமாம். படித்தபோது ஆச்சி வீட்டுக் கிண்ணம்தான் நினைவுக்கு வந்தது.

ஆனால் வளவை நினைத்து உருகுவதிலும் எனக்கு முழுச் சம்மதமில்லை. அங்கே தேதியே இல்லை என்று சொல்லமுடியாது, தீபாவளிதான் தேதி. எல்லாரும் எல்லார் அடுக்களையையும் பார்த்துக்கொண்டிருந்த இடம் அது. இன்னொன்று, அந்த உரல் வளவின் வாசலைத் தாண்டிப் போனதாக நினைவில்லை. எங்கள் வீட்டில் பாத்திரம் தேய்க்க வந்த அம்மாளுக்குப் பலகாரம் கொடுத்தோம், உரலைக் கொடுத்ததில்லை. அவளும் கேட்டதில்லை. கேட்டிருக்க முடியுமா?

கேட்பதுதான் எல்லாவற்றிலும் கடினம் என்று தோன்றுகிறது. 2012-ல் ஆம்ஸ்டர்டாமில் ‘பீர்பி’ என்ற இரவல் தளத்தைத் தொடங்கிய டான் வெட்டபோல், அதற்கு முன்பு வீடு தீயில் எரிந்துபோய் நின்றவர். வேறு வழியின்றி மற்றவர்களிடம் கேட்டு வாழவேண்டி வந்தபோதுதான், கேட்டால் மனிதர்கள் மனமுவந்து கொடுக்கிறார்கள் என்று கண்டுகொண்டார். இந்தச் செயலிகளை நான் வெறுக்காததற்குக் காரணம் அதுதான். கதவைத் தட்டத் தயங்குகிறவருக்கு அவை ஒரு வாசலைத் திறந்துவைக்கின்றன. அப்பாவின் நாற்காலி என்னிடம் இருப்பது அவளுக்கு அப்படித்தான் தெரிந்தது. அவளாகப் போன் செய்து கேட்டிருக்கமாட்டாள்.

போன வாரம் அவளிடம் மனசுவிட்டுக் கேட்டேன். தேதியைத் தள்ளிப்போட வழி இருந்ததே, ஏன் செய்யவில்லை?

“ஒரு தடவை கேக்கிறதுக்கே அவ்வளவு யோசிச்சேன். திரும்பவும் கேக்கணுமா?” என்றாள். பிறகு அவளே சொன்னாள்: “ஆனா தேதின்னு ஒண்ணு இருந்தது எனக்கு நிம்மதிதான்டி. அதுவரைக்கும் உன் முகத்தை நினைக்காம இருந்தேன். தேதி இல்லாம குடுத்திருந்தா, தினமும் அந்த நாற்காலியைப் பார்க்கும்போதெல்லாம், இன்னும் குடுக்கலையேன்னுதான் இருந்திருக்கும்.”

இதற்கு என்னிடம் பதில் இல்லை. “ஆனதும் குடு” என்பதைப் பெருந்தன்மை என்றே இத்தனை காலம் நினைத்திருந்தேன். வாங்கியவள் தினமும் அதைச் சுமக்க வேண்டியிருக்கும் என்று அவள் சொல்கிறாள். அதே தேதிதான் தேவை முடியாத ஒருத்தரிடமிருந்து நாற்காலியைப் பறித்ததும். அவளுடைய நிம்மதியைப் பெரிதாக எடுத்துக்கொள்வதா, அவள் மாமியாரின் தேவையையா? அவள் சொல்வதைக் கேட்கும்போது அவள் பக்கம் நிற்கிறேன். தனியாக யோசிக்கும்போது அந்தக் கட்டத்தின்மீது கோபம் வருகிறது. இரண்டில் எது சரியென்று எனக்கு இன்னும் தெரியவில்லை.