மகிழ்ச்சி ஒரு கடமையாகுமா?

ஓய்வு மனிதனின் உரிமை என்னும் கருத்து வரலாற்றில் மிகப் பிந்தியே ஏற்புப் பெற்றது. ஊதியத்துடன் கூடிய விடுமுறை பற்றிய சமவாயத்தைச் சர்வதேசத் தொழில் தாபனம் 1936 இல் நிறைவேற்றியது. அதே ஆண்டிற் பிரான்சின் மக்கள் முன்னணி அரசாங்கம் தொழிலாளருக்கு இரு வார விடுமுறையைச் சட்டமாக்கியது. 1948 இல் ஐக்கிய நாடுகள் சபை வெளியிட்ட மனித உரிமைப் பிரகடனத்தின் 24 ஆவது உறுப்புரை, ஓய்வையும் காலத்துக்குக் காலம் கிடைக்கும் ஊதிய விடுமுறையையும் எல்லா மனிதருக்கும் உரியனவாக்கிற்று. இவ்வாறு போராடிப் பெறப்பட்ட உரிமை, காலப்போக்கில் வேறொரு வடிவத்தையும் எடுத்துள்ளது. குடும்பத்தோடு கடல் கடந்து விடுமுறை கழிக்கச் செல்பவருக்கு, ஓய்ந்திருக்கும் உரிமையோடு மகிழ்ந்திருக்கும் கடமையும் உண்டெனக் கருதப்படுகின்றது. பல மாதச் சேமிப்பு விமானச் சீட்டாக மாறியபின், முகம் வாடியிருப்பது ஏறத்தாழ ஒரு குற்றமாகிவிடுகின்றது. இக்கடமை மெய்யானதொரு கடமைதானா என்பதே ஈண்டு ஆராயப்படுகின்றது.

முதலில் அனுபவத்தின் இயல்பை நோக்குதல் தகும். ஐரோப்பியச் சுற்றுலா, கலிபோர்னியாவிற் சைக்கிட் பயணம் முதலியவற்றிற் கலந்துகொண்டோரைப் பயணத்துக்கு முன்னும் நடுவிலும் பின்னும் வினவி, அமெரிக்க உளவியலாளர் சிலர் 1997 இல் ஓர் ஆய்வை வெளியிட்டனர். பயணிகளின் எதிர்பார்ப்பும் பின்னைய நினைவும் இனியனவாக இருந்தன. பயணம் நிகழ்ந்துகொண்டிருந்தபோது எழுந்த உணர்வோ அவ்விரண்டிலும் தாழ்ந்திருந்தது. ஒல்லாந்து நாட்டில் 1,530 பேரிடையே நிகழ்த்தப்பெற்று 2010 இல் வெளிவந்த மற்றோர் ஆய்வின்படி, விடுமுறை செல்லவிருப்போர் செல்லாதோரைவிடப் புறப்படுமுன் மகிழ்ச்சியுடையோராய் இருந்தனர். திரும்பியபின், மிக்க அமைதியான விடுமுறை வாய்த்தோரைத் தவிர ஏனையோரிடத்தில் அவ்வேறுபாடு காணப்படவில்லை. பெட்டி அடுக்கும் இரவிலும் படங்களைப் பார்க்கும் மாலையிலும் மகிழ்ச்சி எளிதில் வந்துசேர்கின்றது. இடைப்பட்ட நாட்களிலேதான் காலணி கடிக்கின்றது, குழந்தை அழுகின்றது, கணவனும் மனைவியும் தெருவோரத்தில் நின்று வழி பற்றி வாதிடுகின்றனர்.

இதற்குரிய காரணத்தின் ஒரு பகுதியை உரோம மெய்யியலாளர் செனெக்கா அன்றே சுட்டியுள்ளார். பயணம் மனச்சுமையைக் குறைக்கவில்லை என வருந்திய நண்பருக்கு எழுதிய கடிதத்தில், ஒருவன் எங்குச் சென்றாலும் தன்னையும் உடன்கொண்டே செல்கின்றான் என்னும் கருத்தை அவர் வற்புறுத்தினார். எனினும் அவர் தனிமனிதனையே கருத்திற் கொண்டார். குடும்பம் பயணஞ் செய்யும்போது சிக்கல் பன்மடங்காகின்றது. வீட்டிலே அலுவலகமும் பாடசாலையும் சமையலறையும் ஒவ்வொருவரையும் நாளின் பெரும்பகுதிக்குப் பிரித்து வைத்திருக்கின்றன. அப்பிரிவினாற் காக்கப்பட்ட சமாதானம், ஒரேயொரு விடுதியறையில் இருபத்துநான்கு மணிநேரமும் கூடியிருக்க நேரும்போது சோதனைக்குள்ளாகின்றது. பயணம் புதிய பிணக்குகளைப் படைப்பதிலும் பழைய பிணக்குகள் மறைந்திருந்த திரையை விலக்குவதே பெரும்பான்மை.

அத்திரை விலகும்போது வெளிப்படுவனவற்றுள் ஒன்று உழைப்பின் சமனின்மையாகும். விமானப் பணிப்பெண்கள் ஊதியத்துக்காகப் புன்னகையையும் கனிவையும் வருவித்துக்கொள்ளும் முறையை ஆராய்ந்த சமூகவியலாளர் ஆர்லி ஹொக்சைல்ட், 1983 இல் வெளியிட்ட தமது நூலில் அதனை உணர்ச்சி உழைப்பு எனப் பெயரிட்டார். அப்பணிப்பெண்ணின் புன்னகைக்கு ஊதியமேனும் உண்டு. அதே விமானத்தில் அமர்ந்திருக்கும் தாயொருத்தி, மருந்தையும் மாற்றுடையையும் நினைவில் வைத்து, கணவனின் எரிச்சலையும் பிள்ளைகளின் சலிப்பையும் தணித்து, தானும் மகிழ்ந்திருப்பதாகக் காட்டிக்கொள்கின்றாள். யாவரும் ஓய்வெடுக்க வந்த இடத்தில் அவளது வேலை இடம் மாறியதேயன்றிக் குறையவில்லை. மகிழ்ச்சியைக் கடமையாக்கும் குடும்பம் அக்கடமையின் பாரத்தைச் சமமாகப் பகிர்வதில்லை என்பது இதனாற் புலனாகும்.

இவ்விடத்து ஒரு மறுப்பு எழலாம். ஒவ்வொருவரும் தத்தம் சோர்வை மறைக்காது காட்டுவாராயின் எப்பயணமுஞ் சிறக்காது. பிறர் பொருட்டுச் சிரித்திருத்தல் நாகரிகம் அன்றோ என்பதே அம்மறுப்பு. இதனை எளிதிற் தள்ளிவிட இயலாது. ஆயினும் ஜேர்மனிய மெய்யியலாளர் இம்மானுவேல் கான்ற் 1785 இல் வெளியிட்ட தமது அறவியல் நூலிற் காட்டிய வேறுபாடு இங்குத் துணைசெய்கின்றது. அன்பு ஓர் உணர்ச்சி என்ற அளவிற் கட்டளைக்கு உட்படாது. பிறர்க்கு நன்மை செய்தல் செயல் என்ற வகையிற் கட்டளைக்கு உட்படும் என்பது அவர் கொள்கை. இவ்வழியே சிந்திப்பின், பொறுமை, பணியைப் பகிர்தல், சொல்லில் இதம் ஆகியவற்றைக் குடும்பத்தினர் ஒருவரிடமொருவர் கோரலாம்; உள்ளத்தின் களிப்பைக் கோருதல் இயலாது. முன்னையவை கடமைகள், பின்னையது வந்தால் வரும் பேறு.

இவ்வேறுபாட்டின் முக்கியத்துவம் ஈழத்துத் தமிழ்க் குடும்பங்களின் நிலையில் மிகத் தெளிவாகப் புலப்படும். 1983 ஆம் ஆண்டு யூலை வன்செயல்களின் பின்னர்ப் பெருந்தொகையானோர் கனடா, பிரித்தானியா, பிரான்சு, சுவிற்சர்லாந்து முதலிய நாடுகளிற் குடியேறினர். போர் 2009 மே மாதத்தில் முடிவுற்றது. 1990 இல் நின்றுபோன யாழ்ப்பாணப் புகையிரத சேவை 2014 ஒக்ரோபரில் மீண்டது. பாதைகள் திறந்தபின், பாடசாலை விடுமுறைக் காலங்களில் ரொறன்ரோவிலிருந்தும் இலண்டனிலிருந்தும் குடும்பங்கள் வந்து செல்கின்றன. அவ்வாறு வரும் தந்தைக்கு அது ஊர் திரும்பல். உடன்வரும் மகளுக்கு அது வெளிநாட்டுப் பயணம். ஒரே சீட்டிற் பெயர் பதியப்பட்டு ஒரே வரிசையில் அமர்ந்துவரும் இருவர் இருவேறு பயணங்களை மேற்கொள்கின்றனர்.

கூரையிழந்து சுவர் மாத்திரம் நிற்கும் வீட்டின் முற்றத்தில் தந்தை மௌனமாய் நிற்கின்றார். மகள் நுளம்புக்கடியைச் சொறிந்தபடி, எப்போது திரும்புவது என்று வினவுகின்றாள். அவர் உள்ளம் புண்படுகின்றது. அவளிடம் எதிர்பார்த்த கண்ணீர் வரவில்லை. அவளோ தான் கண்டிராத ஒரு வாழ்வுக்காகத் துக்கப்படுமாறு கேட்கப்படுகின்றாள். இங்குக் குற்றவாளி யார்? அவரது துயரம் மெய். அவளது சலிப்பும் மெய். ஒருவரின் உணர்ச்சியை மற்றவர் கடனாக அடைக்கவேண்டுமெனக் கருதும்போதே குற்றம் பிறக்கின்றது. அவரிடமிருந்து அவள் பெறவேண்டியது அவ்வீட்டின் கதை. அவளிடமிருந்து அவர் பெறக்கூடியது அதனைக் கேட்கும் பொறுமை. அடுத்த நாட் காலை கிணற்றடியில் அவள் வாளியை இழுக்க முயன்று நனைந்து சிரிக்கும்போது அவரும் சிரிக்கலாம். அச்சிரிப்பு எவருடைய நிகழ்ச்சி நிரலிலும் இடம்பெற்றிருந்ததன்று.

மூன்றாமவர் ஒருவரும் உளர். வீட்டிலேயே இருந்து வரவேற்கும் அப்பம்மா பயணமெதுவும் மேற்கொள்ளாதவர். எனினும் அம்மூன்று வாரங்களின் ஏற்ற இறக்கங்கள் யாவும் அவரையே மிக ஆழமாகத் தாக்குகின்றன. முதல் வாரத்திற் பேத்திக்குப் பிடித்ததைச் சமைக்கின்றார்; இரண்டாம் வாரத்தில் நாட்களை எண்ணுகின்றார்; மூன்றாம் வாரத்திற் பேச்சுக் குறைகின்றது. புறப்படும் நாளில் அழவேண்டாம் என்று யாவரும் அவரைத் தேற்றுகின்றனர். நல்ல விடுமுறை நல்லபடி முடியவேண்டுமென்பது அவர்கள் விருப்பம். ஆயினும் அவ்வழுகையை அடக்குமாறு கேட்பதற்கு எவருக்கும் உரிமை உண்டா? ஓராண்டு முழுவதும் நிகழவேண்டிய உறவு மூன்று வாரங்களுக்குட் சுருக்கப்பட்டிருப்பின், அதன் இறுதியில் எழும் துயரம் அவ்விடுமுறையின் தோல்வியைக் காட்டுவதன்று. பிரிவு இன்னும் வலிக்கின்றதெனின் உறவு இன்னும் இருக்கின்றதென்பதே பொருள்.

ஆகவே, மகிழ்ந்திருத்தல் கடமையாகாது. தாயின் சுமையைப் பகிர்தல், தந்தையின் மௌனத்தை மதித்தல், பிள்ளையின் சலிப்பை மன்னித்தல், முதியவரின் கண்ணீருக்கு இடமளித்தல் என்பனவே கடமைகள். இவை நிறைவேறிய பயணத்தில் மகிழ்ச்சி வராதும் போகலாம். அவ்வாறாயினும், கூடிச் சென்றவர்கள் ஒருவரையொருவர் முன்னையிலுங் கூடுதலாக அறிந்து திரும்புவர். குடும்பமாகப் பயணஞ் செய்வதற்கு அவ்வறிவே போதிய நியாயமாகும்.