எங்கே வைத்தீர்கள் என்று கேட்பவர்கள்

இன்று நவம்பர் 2, கல்லறைத் திருநாள். சாந்தோம், மயிலாப்பூர், மந்தைவெளிப் பக்கத்துக் கத்தோலிக்கக் குடும்பங்கள் பல இன்று பட்டினப்பாக்கத்தை ஒட்டியுள்ள குயிபிள் ஐலண்ட் கல்லறைத் தோட்டத்துக்குப் புறப்படும். சிலுவைக்குப் புதிதாக வெள்ளையடித்திருப்பார்கள். மங்கிப்போன பெயரின் மேல் கறுப்புச் சாயத்தால் மறுபடி எழுதியிருப்பார்கள். சாமந்தியை உதிர்த்துப் பரப்பி, மெழுகுவர்த்தி ஏற்றி, சாமியார் வந்து மந்திரிக்கும்வரை காத்திருப்பார்கள். அழுவதற்கு அவர்களுக்கு ஓர் இடமாவது இருக்கிறது. அதுகூட இல்லாமல் 44 ஆண்டுகள் தவித்த ஒரு கத்தோலிக்கக் குடும்பத்தை இன்று நினைத்துக்கொள்வோம்.

ஜார்க்கண்ட் மாநிலம் கும்லா மாவட்டத்தில் ஜாரி என்றொரு சிற்றூர். அங்கே உராவோன் பழங்குடியில் 1942-இல் பிறந்தவர் லான்ஸ் நாயக் ஆல்பர்ட் எக்கா. 1971 டிசம்பர் 3-ஆம் தேதி இரவு, அகர்தலாவுக்கு அருகே எல்லை தாண்டி இருந்த கங்காசாகரை 14-வது கார்ட்ஸ் படைப்பிரிவு தாக்கியது. முன்னே செல்ல முடியாதபடி எதிரியின் இயந்திரத் துப்பாக்கி சீறியது. எக்கா பதுங்குகுழிக்குள் பாய்ந்து அதை அடக்கினார். பலத்த காயம், ஆனாலும் பின்வாங்கவில்லை. கடைசியில் ஒரு கட்டடத்தின் மேல்தளத்திலிருந்து இன்னொரு துப்பாக்கி சுடத் தொடங்கியது. ஊர்ந்து சென்று கையெறி குண்டு வீசி, சுவர் ஏறி உள்ளே புகுந்து அதையும் ஓயவைத்தார். அதன் பிறகே சாய்ந்தார். அப்போது அவருக்கு வயது 28.

பரம்வீர் சக்கரம் கொடுத்து நாடு அவரைப் போற்றியது. அந்த இந்திய-பாகிஸ்தான் போரின் கிழக்கு முனையில் அவ்விருது பெற்றவர் அவர் ஒருவரே. ராஞ்சி நகரின் நடுச் சந்திக்கு அவர் பெயர். 2000-இல் அவர் முகம் பொறித்த தபால்தலை வந்தது. எல்லாம் வந்தது. உடல் மட்டும் வீட்டுக்கு வரவில்லை. திரிபுராவில், அகர்தலாவை அடுத்த துல்கி கிராமத்தில் அவரைப் புதைத்திருந்தார்கள். அந்த இடத்தை ஜாரியில் இருந்த மனைவி பார்த்ததே இல்லை.

2015 டிசம்பரில், அவர் கல்லறை மண் என்று சொல்லி ஒரு கலசத்தைக் கொண்டுவந்தார்கள். குடும்பத்தாருக்கு மனம் ஒப்பவில்லை. இது அவருடைய கல்லறை மண்தான் என்பதற்கு என்ன சாட்சி, நாங்களே போய்ப் பார்க்க வேண்டும் என்றார்கள். அடுத்த மாதமே துல்கிக்குப் போனார்கள். இடத்தைக் கண்ணால் பார்த்தார்கள். அந்த மண்ணோடு ஊர் திரும்பினார்கள்.

இவ்வளவு பெரிய விருது கிடைத்த பிறகும் ஏன் இந்தச் சந்தேகம் என்று சிலர் நினைக்கலாம். விருது, நாடு அவருக்குச் செலுத்திய நன்றி. வீட்டில் இருப்பவர்களுக்கோ வேறு கேள்விகள். கடைசியில் தண்ணீர் கேட்டாரா? பக்கத்தில் யார் இருந்தார்கள்? மண் போட்டபோது யாராவது ஒரு செபம் சொன்னார்களா? இப்படிக் கேட்பதில் நன்றிகெட்டதனமும் இல்லை, தேசப்பற்றுக் குறைவும் இல்லை. அன்பு அப்படித்தான் கேட்கும்.

யோவான் நற்செய்தியில் மகதலா மரியா விடியற்காலையில் கல்லறைக்கு வருகிறாள். உடலைக் காணோம். எதிரே நிற்பவரைத் தோட்டக்காரர் என்று எண்ணி, அவரை எங்கே வைத்தீர்கள், சொல்லுங்கள், நான் எடுத்துக்கொள்கிறேன் என்று மன்றாடுகிறாள். நீ கேட்கக் கூடாது என்று அவளை யாரும் அதட்டவில்லை. எதிரே நின்ற இயேசு அவளைப் பெயர் சொல்லித்தான் அழைத்தார்.

நம் சென்னையோடு சேர்ந்த துயரம் ஒன்றும் உண்டு. அது போர்க்காலம் அல்ல. ஆனாலும் தவிப்பு அதேதான். 2016 ஜூலை 22-ஆம் தேதி தாம்பரத்திலிருந்து போர்ட் பிளேருக்குக் கிளம்பிய விமானப்படையின் ஏ.என்.-32 விமானம் 29 பேருடன் வங்கக் கடலின் மேல் மறைந்தது. ஏழாண்டுகளுக்கு மேல் தடயம் இல்லை. 2024 ஜனவரியில், பள்ளிக்கரணையில் உள்ள தேசியக் கடல் தொழில்நுட்பக் கழகம் கடலுக்குள் இறக்கிய ஆளில்லா நீர்மூழ்கிக் கலம், சுமார் 3,400 மீட்டர் ஆழத்தில் சிதைவுகளைப் படம்பிடித்தது. போனவர்கள் திரும்பவில்லை. ஆனால் எங்கே என்ற கேள்விக்கு ஒரு பதில் வந்தது. அத்தனை ஆண்டு கழித்தும் தேடியது, அந்தக் குடும்பங்களுக்குச் செய்ய வேண்டிய கடமை.

அந்தக் கடமையில் நமக்கும் பங்கு உண்டு. ஒருவருடைய கடைசி நேரத்தில் கூட இருந்தவர் நீங்களாக இருக்கலாம். ஒரே படைமுகாமில் இருந்திருப்பீர்கள், மருத்துவமனையில் இரவுப் பணி பார்த்திருப்பீர்கள், வெளிநாட்டில் ஒரே அறையில் தங்கியிருப்பீர்கள். சின்ன விஷயம்தானே, சொன்னால் வேதனை கூடுமே என்று உள்ளுக்குள்ளேயே வைத்திருப்பீர்கள். அந்த வீட்டைத் தேடிப் போங்கள். தெரிந்ததைத் தெரிந்தபடி சொல்லுங்கள். தெரியாததைக் கூட்டிச் சொல்லாதீர்கள். அதிகாரப் பொறுப்பில் இருப்பவர் என்றால், இழந்தவர் இரண்டாம் முறை கேட்க வரும்வரை காத்திருக்காதீர்கள். இறந்தவருக்காகச் செபிப்பது புண்ணியம். இருப்பவருக்கு உண்மையைச் சொல்வதும் அதே அளவு புண்ணியம்.