முக்காட்டுக்கு இந்தப் பக்கம்

தெஹ்ரான் தெருக்களின் ஓரத்தில் ஓடும் வாய்க்காலுக்கு ‘ஜூப்’ என்று பெயர். வடக்கே எல்பர்ஸ் மலையிலிருந்து இறங்கும் நீர், நகரத்தின் சரிவோடு தெற்கு நோக்கி இந்த வாய்க்கால்களில் ஓடுகிறது. அதில் ஒரு பழைய ஷூ விழுந்தால் எத்தனை வேகமாகப் போகும், எந்த இடத்தில் பாலத்துக்கு அடியில் புகுந்து மாட்டிக்கொள்ளும் என்பதெல்லாம் எனக்குத் தெரியும். ஈரானுக்கு நான் போனதில்லை. மஜித் மஜிதியின் ‘சில்ட்ரன் ஆஃப் ஹெவன்’ (1997) படத்தில் ஸஹ்ரா என்ற சிறுமி, அண்ணனின் ஷூவைத் துரத்திக்கொண்டு அந்த வாய்க்கால் ஓரமாக ஓடினாள். கூடவே ஓடித் தெரிந்துகொண்டதுதான் இது.

எங்கள் ஊர்த் திரைப்படச் சங்கம் ஒரு கல்யாண மண்டபத்தின் மாடியில் நடந்தது. எட்டு முழ வேட்டிதான் திரை. மின்விசிறி சுற்றினால் வேட்டி ஆடும் என்பதால் வியர்க்க வியர்க்கப் பார்த்தோம். அடியில் ஆங்கிலம் ஓடும், காதில் பாரசீகம். நடுவே ‘பஜார்’, ‘ஜமீன்’ என்று நம்மூர்ச் சொல் ஒன்று வந்து விழும்போது, வெளியூரில் சொந்தக்காரரைப் பார்த்ததுபோல் இருக்கும்.

அந்த மாடியில் நான் கற்ற ஈரான் மிகவும் நல்ல நாடு. அங்கே அந்த ஸஹ்ராவின் தகப்பன், மசூதி விசேஷத்துக்காகக் கொடுத்த சர்க்கரைக் கூம்பை வீட்டில் உட்கார்ந்து துண்டு துண்டாக உடைக்கிறான். எதிரே மலைபோல் சர்க்கரை. தன் தேநீருக்கு மட்டும் வீட்டுச் சர்க்கரையைக் கேட்கிறான். இது நம்மிடம் நம்பிக் கொடுத்தது என்கிறான். தன் பையில் தவறி வந்துவிட்ட நண்பனின் நோட்டைத் திருப்பிக் கொடுக்க, மலை ஏறி இறங்கி அடுத்த ஊருக்கு ஓடுகிறான் ஒரு சிறுவன் (அப்பாஸ் கியாரோஸ்தமியின் ‘வேர் இஸ் த ஃப்ரெண்ட்ஸ் ஹவுஸ்?’, 1987). மார்ச் மாதம் பிறக்கும் நவ்ரூஸ் புத்தாண்டுக்குத் தங்கமீன் வாங்கப்போய், பண நோட்டைச் சாக்கடைக் கம்பிக்குள் தவறவிட்டுத் தவிக்கிறாள் ஒரு சிறுமி (ஜாஃபர் பனாஹியின் ‘த ஒயிட் பலூன்’, 1995). இந்தக் குழந்தைகள் யாரும் எனக்கு அந்நியராகப் படவில்லை. மஜிதியின் கதையைப் பல வருடங்கள் கழித்து ‘அக்கா குருவி’ (2022) என்று தமிழில் எடுத்தபோது ஆச்சரியப்படவும் இல்லை. அது ஏற்கெனவே நம்மூர்க் கதை என்றுதான் நினைத்திருந்தேன்.

அந்த நினைப்பு புனேயில் ஆட்டம் கண்டது. அங்கே நான் வேலை பார்த்த நாட்களில், மாடி வீட்டில் மருந்தியல் படிக்கும் ஈரானிய மாணவர் ஒருவர் குடியிருந்தார். முதல் நாளே தேநீருக்கு அழைத்தார். சர்க்கரைக் கட்டியைப் பல்லிடுக்கில் வைத்துக்கொண்டு கறுப்புத் தேநீரை அதன் வழியே உறிஞ்ச வேண்டும் என்று செய்து காட்டினார். நான் உற்சாகத்தில் அந்தச் சர்க்கரைக் காட்சியைச் சொன்னேன். நோட்டைச் சொன்னேன், தங்கமீனைச் சொன்னேன். பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சிரித்தார்.

“எங்கள் ஊரில் பெரியவர்களும் இருக்கிறார்கள், சார்.”

பிறகு அலமாரியிலிருந்து குடும்பப் புகைப்படம் ஒன்றை எடுத்து வந்தார். வரவேற்பறை சோபாவில் அம்மா, அக்கா, அத்தை. மூவர் தலையிலும் முக்காடு இல்லை. கொடுப்பதற்கு முன் ஒரு கணம் தயங்கியதும் நினைவிருக்கிறது. “வீட்டுக்குள் யார் போடுவார்கள்? சினிமாவில்தான் படுக்கையில்கூடப் போட்டுக்கொண்டு தூங்குவார்கள்” என்றார்.

எத்தனையோ படங்களில் எத்தனையோ சமையலறை, படுக்கையறை பார்த்திருக்கிறேன். இப்படி ஒரு கேள்வி எனக்கு எழுந்ததே இல்லை. ‘அவர்கள் வழக்கம்’ என்று எடுத்துக்கொண்டிருந்தேன். ‘எவ்வளவு இயல்பு’ என்று நான் மெச்சிய படங்களில், எல்லாக் காட்சியிலும் கண்ணெதிரே ஒரு பொய் இருந்திருக்கிறது.

என் முகம் வாடியதைப் பார்த்தோ என்னவோ, அவர் தன் கணக்கைச் சொன்னார். அவருடைய அப்பாவுக்கு இந்தியா என்றால் ‘சங்கம்’, ‘ஷோலே’. சென்னைக்காரர்கள் வீட்டில் இந்தி பேசுவார்கள் என்றுதான் இங்கு வரும்வரை இவரும் நம்பியிருந்தார். தமிழ் என்ற சொல்லையே புனே வந்துதான் கேட்டாராம். எனக்குக் கோபம் வந்தது. சர்க்கரைத் துண்டு கரைவதற்குள் போயும்விட்டது. நான் அவர் நாட்டுக்குச் செய்ததைத்தான் அவர் என் நாட்டுக்குச் செய்திருந்தார்.

அதன்பின் அதே படங்களை மறுபடி பார்க்கத் தொடங்கினேன். இந்த முறை கதையை விட்டுவிட்டு, எது வரவில்லை என்று தேடினேன். 1979 புரட்சிக்குப் பிறகு ஈரானியத் திரையில் பெண்ணின் தலைமுடி தெரியக் கூடாது. அந்நிய ஆணும் பெண்ணும் தொட்டுக்கொள்ளக் கூடாது. கதையில் தாயும் வளர்ந்த மகனுமாக இருந்தாலும் நடிப்பவர்கள் அந்நியர்தானே? ஆகவே ஊரிலிருந்து திரும்பிய மகனைத் தாய் கட்டிக்கொள்ள முடியாது. இது தெரிந்ததும் பல முடிச்சுகள் அவிழ்ந்தன. குழந்தைகள் ஏன் அத்தனை படங்களில் ஓடிக்கொண்டே இருந்தார்கள்? குழந்தையைத் தூக்கலாம், அணைக்கலாம்; குழந்தை வீட்டுக்கும் தெருவுக்கும் தடையில்லாமல் போய்வரலாம். பாத்திரங்கள் ஏன் காருக்குள்ளேயே பேசிக்கொண்டிருந்தார்கள்? கார் பாதி வீடு, பாதி தெரு. அங்கே முக்காடு போட்டிருப்பது பொய்யாகத் தெரியாது. நான் கலை என்று வியந்த எளிமையில் ஒரு பங்கு, தடுப்புச் சுவரை ஒட்டியே நடந்து பழகிய கால்களின் லாவகம்.

கியாரோஸ்தமி சினிமாவின் பொய்யை மறைத்ததில்லை என்பதுதான் வேடிக்கை, நான்தான் கவனிக்கவில்லை. 1990 ஜூனில் வடக்கு ஈரானைப் பூகம்பம் உலுக்கிப் பல்லாயிரம் பேர் இறந்தார்கள். நோட்டுப் படத்தில் நடித்த சிறுவர்கள் பிழைத்தார்களா என்று தேடிப்போகும் ஒரு இயக்குநரின் பயணமாக ‘அண்ட் லைஃப் கோஸ் ஆன்’ (1992) எடுத்தார். வழியில், முந்தைய படத்தில் நடித்த கிழவர் கழிவறைப் பீங்கானைச் சுமந்துகொண்டு வருகிறார். இறந்தவர்கள் போய்விட்டார்கள், இருப்பவர்களுக்கு இது வேண்டுமே என்பது அவர் நியாயம். முந்தைய படத்தில் தன் முதுகில் கூன் வைத்து, இருப்பதைவிடக் கிழவனாகக் காட்டினார்கள் என்று குறைபடுகிறார். இப்போது என் வீடு என்று காட்டுவதும் என் வீடல்ல, படக்காரர்கள் கொடுத்த வீடு என்று கேமராவுக்கு முன்பே போட்டு உடைக்கிறார். சிறுவன் ஓடி ஏறிய அந்த வளைந்து வளைந்து போகும் மலைப்பாதை என் மனதில் ஈரானின் முத்திரையாகவே பதிந்திருந்தது. அதுவும் படத்துக்காகப் போடப்பட்ட பாதை என்று பின்னால் படித்தேன்.

அதே படத்தில் கூடாரங்களுக்கு நடுவே ஒருவர் ஆன்டெனாவைத் திருப்பிக்கொண்டிருப்பார், உலகக் கோப்பைக் கால்பந்து பார்க்க. வீட்டில் சாவு விழுந்திருக்கும். ஆனாலும் உலகக் கோப்பை நான்கு வருடத்துக்கு ஒருமுறைதானே. பொய் வீட்டுக்கும் பொய்க் கூனுக்கும் நடுவே இந்த ஆன்டெனாவை நான் நம்புகிறேன். ‘த்ரூ த ஆலிவ் ட்ரீஸ்’ (1994) படத்தில், மனைவியாக நடிக்கும் பெண் தன் ‘கணவனை’ மரியாதைச் சொல் சேர்த்து ஹுசைன் ஆகா என்று அழைக்க வேண்டும். அவள் வெறுமனே ஹுசைன் என்கிறாள். எத்தனை முறை எடுத்தாலும் அப்படித்தான். இந்தக் காலத்துப் பெண்கள் புருஷனை அப்படி அழைப்பதில்லை என்று அவனே இயக்குநருக்கு விளக்குகிறான். கணவன் பெயரைச் சொல்லாத பாட்டியின் பேரனான எனக்கு, அந்தக் காட்சிக்கு அடிக்குறிப்பு தேவைப்படவில்லை.

ஆவணப்படங்களுக்குப் போனால் முழு உண்மை கிடைத்துவிடும் என்று நினைத்தேன். கிடைத்தது வேறு. கியாரோஸ்தமியின் ‘ஹோம்வொர்க்’ (1989) தெஹ்ரான் பள்ளி ஒன்றின் சிறுவர்களை ஒவ்வொருவராகக் கேமராமுன் உட்காரவைத்து வீட்டுப்பாடம் பற்றிக் கேட்கிறது. தண்டனை என்றால் என்ன என்று கேட்டால் உடனே பதில் வருகிறது: பெல்ட்டால் அடிப்பது. பாராட்டு என்றால் என்ன என்று கேட்டால் பல பையன்கள் விழிக்கிறார்கள். அந்தச் சொல்லே தெரியவில்லை. கதைப் படங்களின் இனிய குழந்தைகள் மாலையில் எந்த வீட்டுக்குத் திரும்பினார்கள் என்று அப்போதுதான் தெரிந்தது. அதுவும் எனக்குத் தெரியாத வீடல்ல.

கவிஞர் ஃபரூக் ஃபரோக்சாத் 1962இல் தப்ரீஸ் அருகே ஒரு தொழுநோயாளர் குடியிருப்பில் பன்னிரண்டு நாட்கள் தங்கி எடுத்த ‘த ஹவுஸ் இஸ் பிளாக்’ ஏறக்குறைய இருபது நிமிடம்தான். உருக்குலைந்த முகங்களை அவர் இருட்டில் மறைக்கவும் இல்லை, பரிதாபத்துக்காக நீட்டிக் காட்டவும் இல்லை. தலை வாருகிறார்கள், பாடம் படிக்கிறார்கள், கல்யாணம் செய்கிறார்கள். படம் முடிந்தபின் அங்கிருந்த ஒரு சிறுவனைத் தன் பிள்ளையாக வளர்க்க அழைத்துக்கொண்டார். அந்தப் படத்தைப் பார்த்துவிட்டு எழுந்து தேநீர் போட்டுக் குடித்தவன் நான்.

‘டிவோர்ஸ் ஈரானியன் ஸ்டைல்’ (1998) படத்தை, பிரிட்டனைச் சேர்ந்த கிம் லாஞ்சினாட்டோவும் ஈரானில் பிறந்த மானுடவியலாளர் ஸீபா மீர் ஹுசைனியும் தெஹ்ரானின் குடும்ப நீதிமன்றம் ஒன்றில் எடுத்தார்கள். ஈரானியப் பெண் என்றால் மெல்லிய குரல், தாழ்ந்த பார்வை என்று நான் வைத்திருந்த பொம்மையை அந்தப் பெண்கள் உடைத்துப் போட்டார்கள். சட்டம் கணவன் பக்கம் சாய்ந்திருப்பது தெரிந்தே வாதாடுகிறார்கள், கணவன் தர வேண்டிய மஹர் தொகையை வைத்துப் பேரம் பேசுகிறார்கள், நீதிபதியிடமே குரல் உயர்த்துகிறார்கள். அவர் எழுந்துபோன நேரத்தில், அங்கே வேலை பார்ப்பவரின் குட்டி மகள் அந்த நாற்காலியில் ஏறி உட்கார்ந்து தீர்ப்புச் சொல்லி விளையாடுகிறாள்.

அந்த நாற்காலியில் நானும் உட்கார்ந்திருக்கிறேன். அஸ்கர் ஃபர்ஹாதியின் ‘எ செபரேஷன்’ (2011) தொடங்கும்போது கணவனும் மனைவியும் நம்மைப் பார்த்துத்தான் விவாகரத்து வழக்கைப் பேசுவார்கள். நீதிபதியின் குரல் கேட்கும், முகம் தெரியாது; கேமரா இருப்பது அவர் இடத்தில். அப்புறம் படம் முழுக்க ஒரு தீர்ப்பும் சொல்ல முடியாமல் தவிக்க வைப்பார் ஃபர்ஹாதி. வேலைக்கு வந்த பெண், நனைந்துபோன கிழவரின் உடையை மாற்றினால் பாவமா என்று தொலைபேசியில் மார்க்க விளக்கம் கேட்கிறாள். அப்பாவிடம் சொல்லமாட்டேன் என்கிறாள் கூட வந்த சின்ன மகள். தாயின் அந்தக் கேள்விக்கு முதல் முறை சிரித்தேன். இரண்டாம் முறை முடியவில்லை.

தடைகளின் பட்டியலைப் பனாஹி ஒரு சிறுமியின் வாயாலேயே சொல்லவைத்தார். 2010இல் அவருக்கு ஆறாண்டுச் சிறையும், படம் எடுக்க இருபதாண்டுத் தடையும் தீர்ப்பானது. தடைக்கு நடுவே தானே வாடகைக் கார் ஓட்டி எடுத்த ‘டாக்ஸி’ 2015இல் பெர்லின் விழாவில் தங்கக் கரடி விருது வாங்கியது. அதில் அவருடைய மருமகள், பள்ளியில் ஆசிரியை சொன்ன ‘திரையிடத் தகுந்த படத்தின்’ விதிகளைக் குறிப்பேட்டிலிருந்து வாசிக்கிறாள்: முக்காடு வேண்டும், ஆணும் பெண்ணும் தொடக் கூடாது, நல்லவன் டை கட்டக் கூடாது, அசிங்கமான எதார்த்தம் கூடாது. நான் நேசித்த படங்கள் எல்லாம் இந்தக் குறிப்பேட்டைத் தாண்டி வந்தவை என்பதைக் கேட்டபோது மனம் கனத்தது.

2022 செப்டம்பரில் மஹ்சா அமினி என்ற இளம்பெண், முக்காடு சரியில்லை என்று பிடித்துச் செல்லப்பட்டு, காவலில் இருந்தபோது இறந்தார். நாடு கொந்தளித்தது. ‘அபவுட் எல்லி’, ‘த சேல்ஸ்மேன்’ படங்களில் நான் பார்த்துப் பழகிய நடிகை தரானே அலிதூஸ்தி, நவம்பரில் முக்காடு இல்லாத தன் படத்தை இன்ஸ்டாகிராமில் வெளியிட்டார். டிசம்பரில் கைதானார், 2023 ஜனவரியில் பிணையில் வந்தார். அத்தனை படங்களில் அத்தனை அழுகையையும் சிரிப்பையும் அருகில் பார்த்திருந்தும், அவர் கூந்தலை அன்றுதான் பார்த்தேன். பனாஹி அனுமதி வாங்காமலே எடுத்த ‘இட் வாஸ் ஜஸ்ட் அன் ஆக்சிடென்ட்’ 2025 மே மாதம் கான் விழாவில் தங்கப்பனை வென்றது. அதில் முக்காடின்றி நடமாடும் பெண்கள் இருக்கிறார்கள்.

அடுத்த மாதமே தெஹ்ரான் மீது குண்டு விழுந்தது. தொலைக்காட்சி வரைபடத்தில் சிவப்புப் புள்ளிகள் வைத்தபோது, நான் தெற்குப் பக்கம் ஜூப் ஓடும் சந்துகளைத் தேடினேன். புனே நண்பரின் எண் எப்போதோ தொலைந்துவிட்டது.

அந்த வாரம் மகளோடு உட்கார்ந்து ‘சில்ட்ரன் ஆஃப் ஹெவன்’ மறுபடி பார்த்தேன். அவளுக்கு ஒன்பது வயது. படம் தொடங்கிச் சிறிது நேரம்தான் ஆகியிருக்கும்.

“அப்பா, அந்தப் பொண்ணு ஏன் வீட்டுக்குள்ளயும் முக்காடு போட்டிருக்கா? அவங்க அம்மா வேற உடம்பு சரியில்லாமப் படுத்திருக்காங்க, அவங்களும் போட்டிருக்காங்க. வீட்டுல வேற யாரும் இல்லையே?”

எனக்கு எழப் பல வருடம் பிடித்த கேள்வி. அந்த விதிக்கு உள்ள தர்க்கத்தையும் இப்போது அறிவேன்: முக்காடு அந்நிய ஆணின் கண்ணுக்காக. அந்த அறையில் அப்பா இருக்கலாம், அண்ணன் இருக்கலாம். அவர்கள் மஹ்ரம், முக்காடு தேவைப்படாத நெருங்கிய உறவு; அவர்களுக்காக அல்ல. திரைக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்திருக்கும் முகம் தெரியாத ஒருவனுக்காக. அந்த வீட்டில் விருந்தாளியாக இருக்கிறேன் என்று நம்பியிருந்தேன். கொஞ்ச காலம் நீதிபதியாகவும் இருந்து பார்த்தேன். ஒவ்வொரு காட்சியிலும் அந்தத் துணி என்னிடம் நான் யார் என்று சொல்லிக்கொண்டுதான் இருந்தது.

“ஒருத்தர் இருக்காரும்மா” என்றேன்.

“யாரு?”

“நாமதான்.”